பி.டி. மிஸ் ஆவதற்குள்

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கைதட்டி வரவேற்கிற பீரியடும் எங்களுடையதுதான், மற்ற வாத்தியார்கள் வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போகிற பீரியடும் எங்களுடையதுதான். உடற்கல்வி படித்து முடித்தவர்கள், படித்துக்கொண்டிருப்பவர்கள், 'நல்லா ஓடுறியே, இதையே படியேன்' என்று யாரோ சொன்னதை நம்பி விண்ணப்பம் வாங்கி வைத்திருப்பவர்கள் எல்லோரும் கொஞ்சம் இப்படி வந்து உட்காருங்கள். நம்ம பாடு நமக்குத்தான் புரியும்.

எனக்கு ஊர் செங்கல்பட்டுக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நடுவில். அப்பா கம்பெனி வேன் ஓட்டுகிறார். நான் பள்ளியிலும் கல்லூரியிலும் கபடி ஆடினவள். முட்டியில் இரண்டு தழும்பும், வீட்டு ஷோகேஸில் நாலு கப்பும்தான் அதுவரை நான் சம்பாதித்தது. அந்த நாலு கப்பை நம்பித்தான் பி.பி.எட். சேர்ந்தேன்.

ரெண்டு 'பி'

சேர்ந்த வாரமே மறைமலை நகரில் அத்தை வீட்டில் ஒரு வளைகாப்பு. சாப்பாட்டுப் பந்தியில் எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தை, நாலு இலை தாண்டிக் கேட்கிற குரலில், "இன்னாடி படிக்கிற இப்ப?" என்றாள். "பி.பி.எட். அத்தை" என்றேன். அத்தைக்குச் சட்டென்று முகம் வாடிவிட்டது. அவள் மகள் பி.எட். முடித்து வேலையிலும் சேர்ந்துவிட்டவள். பந்தி முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. அம்மா இலையைவிட்டுத் தலையை நிமிர்த்தவே இல்லை.

அது உடற்கல்வி, அதற்கும் ஓட்டம், உயரம் தாண்டுதல் எல்லாம் வைத்துத்தான் ஆள் எடுப்பார்கள், எலும்பு, தசை, உளவியல் எல்லாம் படிக்க வேண்டும் என்று பாயசம் வருவதற்குள் சொல்லி முடித்தேன். அத்தை பொறுமையாகக் கேட்டாள். கைகழுவும் இடத்தில் என் தோளில் ஆதரவாகக் கையை வைத்து மெதுவாகச் சொன்னாள்: "எம் பொண்ணு ஒரே 'பி'யில முடிச்சிட்டா. உனக்கு மட்டும் இன்னாத்துக்கு ரெண்டு 'பி'? அரியர் எதுனா கீதா?"

ரெண்டாவது தொண்டை

கற்பித்தல் பயிற்சிக்கு என்னைத் திருவிடந்தைப் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். பள்ளியில் இருந்து பார்த்தால் சவுக்குத் தோப்பு, அதற்கு அந்தப் பக்கம் கடல். வெள்ளை டி-ஷர்ட், வெள்ளை ஷூ, கழுத்தில் புது விசில், கையில் அட்டை போட்ட பாடத்திட்ட நோட்டு என்று போய் நின்றேன். முதல் பாடம்: கூடைப்பந்தில் மார்புயரப் பந்து கடத்தல். பந்து எங்கே இருக்கிறது என்று கேட்டேன். கூடையே இல்லை என்றார் ஏழுமலை சார்.

ஏழுமலை சார்தான் அந்தப் பள்ளிக்கு ஒரே பி.டி. சார். ஆறாவதிலிருந்து பத்தாவது வரை அத்தனை பிள்ளைகளும் அவர் ஒருத்தர் தலையில். காலை வழிபாட்டுக்கு வரிசை கட்டுவது, லேட்டாக வருபவர்களைப் பிடிப்பது, முடிவெட்டாதவர்களைத் திருப்பி அனுப்புவது, ஆய்வுக்கு யாராவது வந்தால் நாற்காலி போடுவது, சண்டையை விலக்குவது எல்லாம் சொல்லி முடித்து, "மீதி நேரத்துல வெளையாட்டும் கத்துக் குடுப்போம்" என்றார். சொல்லும்போது அவர் குரல் கரகரவென்று பிசிறடித்தது. சளியா சார் என்று கேட்டேன். இல்லையாம், மைக் இல்லாமல் கத்திக் கத்திக் குரலே அப்படி ஆகிவிட்டதாம். என் நோட்டை வாங்கி ஒரு பக்கம்கூட விடாமல் புரட்டிப் பார்த்தார். அழகாகப் படம் வரைந்திருக்கிறாய் என்று பாராட்டி, மூடிக் கொடுத்தார். பிறகு என் கழுத்து விசிலைக் காட்டிச் சிரித்தார்: "ஏழு வருஷமா ஒத்தையில கத்திக்கினு கீறேம்மா. இன்னையிலேருந்து இந்த ஸ்கூலுக்குத் தொண்டை ரெண்டு."

பை மேல் ஒரு நடை

எனக்குத் தந்தது ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவு. வாரத்துக்கு இரண்டே பீரியட். முதல் வாரம் கணக்கு டீச்சர் சுமதி வந்து, "ஒரு பீரியட் மட்டும் குடும்மா, போர்ஷன் பாக்கி" என்றார். கொடுத்தேன். இரண்டாவது வாரமும் கொடுத்தேன். மூன்றாவது வாரம் அவர் வாசலில் தலையைக் காட்டியதுமே பிள்ளைகள் தாங்களாகவே ஷூவைக் கழற்றிவிட்டுக் கணக்கு நோட்டை எடுத்தார்கள். அன்று மதியம் ஆசிரியர் அறையில், நான் எடுக்கிற வகுப்புக்கும் கல்லூரியில் மார்க் போடுகிறார்கள் டீச்சர், வகுப்பே எடுக்காமல் நான் என்ன காட்டுவேன் என்று கேட்டேவிட்டேன். சுமதி டீச்சர் கோபப்படவில்லை. "போன மீட்டிங்ல தேர்ச்சி குறைஞ்ச டீச்சருங்களையெல்லாம் எழுந்து நிக்கச் சொன்னாங்க. நானும் நின்னேன். ஃபேனைப் பாத்துக்கினே நின்னேன்" என்றார். இரண்டு பேரும் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டோம்.

அடுத்த பீரியட் எனக்கே கிடைத்தது. இருநூறு மீட்டர் ஓடுதளம் போட முளையும் கயிறும் சுண்ணாம்பும் எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு இறங்கினேன். நேராக ஓட இரண்டு பக்கமும் நாற்பது நாற்பது மீட்டர், மீதி நூற்றிருபது மீட்டரும் இரண்டு வளைவுகளில். பை, ஆரம் என்று கல்லூரியில் மனப்பாடமாகத் தெரிந்த கணக்குதான். ஆனால் பதற்றத்தில் ஆரத்துக்குப் பதில் விட்டத்தை வைத்துக் கயிற்றை இழுத்துவிட்டேன். வளைவு போய்க்கொண்டே இருந்தது. வேப்பமரத்தைத் தாண்டி, நேரே சத்துணவுக் கூடத்துக்குள் நுழைந்தது. "மிஸ், ஓடிப் போய் சோறு வாங்கிக்கினு திரும்பணுமா?" என்று ஒருவன் கேட்க, வகுப்பே விழுந்து சிரித்தது.

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த சுமதி டீச்சர் குடையைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். யாரையும் திட்டவில்லை. கயிற்றைப் பாதியாக மடிக்கச் சொன்னார். ஏன் பாதி என்று பிள்ளைகளையே கேட்டார். கடைசி பெஞ்சு பையன் ஒருவன் சரியாகப் பதில் சொல்ல, டீச்சருக்கே ஆச்சரியம். அரை மணி நேரத்தில் உள்கோடு வந்துவிட்டது. இருந்த சுண்ணாம்பு அந்த ஒரு கோட்டுக்குத்தான் போதுமானதாக இருந்தது. டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கோட்டின் மேலேயே ஒரு முழுச் சுற்று நடந்து வந்தார். மூச்சு வாங்க என் பக்கத்தில் நின்று சொன்னார்: "இருபது வருஷமா பை-யை போர்டுல எழுதறேன். இன்னைக்குத்தான் அது மேல நடந்து பாத்தேன்."

கேட்க மறந்தது

அந்தக் கோட்டில்தான் சங்கீதாவைக் கண்டுபிடித்தேன். ஒன்பது 'பி'தான். பக்கத்து மீனவர் குப்பத்துப் பெண். ஒல்லி, வெறுங்கால், பேசவே மாட்டாள். எல்லோரையும் ஒரு சுற்று ஓடவிட்டபோது, மற்ற பிள்ளைகள் பாதியில் இருக்கும்போதே இவள் முடித்துவிட்டு நின்றாள். என் கையில் இருந்த ஸ்டாப்வாட்ச்சை நானே நம்பவில்லை. இன்னொரு தடவை ஓடு என்றேன். ஓடினாள். அதைவிடக் கொஞ்சம் குறைந்த நேரம். எனக்குத் தலைகால் புரியவில்லை. குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி, அவள் கழுத்தில் மெடல், பக்கத்தில் நான் என்று என்னென்னவோ கண்முன் ஓடியது. மணி பதினொன்றரை தாண்டிவிட்டது, மணல் கொதித்தது, மூன்றாவது தடவையும் ஓடச் சொன்னேன். நாலாவது தடவை வளைவில் திரும்பும்போது அவள் கால் பின்னிக்கொண்டது. அப்படியே சரிந்து விழுந்தாள்.

ஏழுமலை சார்தான் ஓடிவந்து அவளைத் தூக்கி வேப்பமரத்து நிழலில் படுக்கவைத்தார். கால்களை உயர்த்திப் பிடித்தார். ஈரத் துண்டால் முகத்தையும் கழுத்தையும் துடைத்தார். நான் முதலுதவியில் எண்பது மார்க் வாங்கினவள். விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். கண் விழித்ததும் ஆட்டோவில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனோம். நர்ஸம்மா கேட்ட முதல் கேள்வி, காலையில் என்ன சாப்பிட்டாள் என்பதுதான். நான் சங்கீதாவைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள். முந்தின நாள் இரவு சாப்பிட்டதுதானாம். காலையில் தம்பிகளுக்குச் சோறு போட்டுவிட்டு, தனக்கு நேரமில்லை என்று ஓடி வந்துவிட்டாளாம்.

தகவல் போய் அவள் அம்மா வந்தார். கோவளத்தில் மீன் எடுத்து ஈ.சி.ஆர். ஓரம் விற்கிறவர். கூடையைக்கூட இறக்கி வைக்காமல் ஷேர் ஆட்டோவில் ஏறி வந்திருந்தார். நான் எழுந்து நின்றேன். அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று மனசைத் தயார்படுத்தி வைத்திருந்தேன். அவர் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். 'என் தப்புதாம்மா' என்றேன். அவர் கூடையைத் தரையில் வைத்துவிட்டு என் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்தார். "ஓட வெச்சது தப்பில்ல மிஸ்ஸு. சாப்ட்டியான்னு கேக்காததுதான் தப்பு. நீயும் கேக்கல, நானும் கேக்கல."

அலமாரியில் பிஸ்கட்

அதற்குப் பிறகு என் வகுப்பு, வருகைப் பதிவுக்கு முன்னால் ஒரே கேள்வியோடு ஆரம்பிக்கும்: யார் யார் நாஸ்தா சாப்பிடவில்லை? முதல் நாள் யாருமே கை தூக்கவில்லை. தூக்க மாட்டார்கள், எனக்கும் அது கொஞ்சம் யோசித்த பிறகுதான் உறைத்தது. நாலு பேர் முன்னால் கேட்கிற கேள்வியா அது? அடுத்த நாளிலிருந்து விளையாட்டுச் சாமான் அலமாரியில் பிஸ்கட் பாக்கெட்டுகளை வைத்தேன். பந்து எடுக்கப் போகிறவர்கள் போகிற போக்கில் எடுத்துக்கொள்ளலாம், யாரும் எண்ண மாட்டார்கள். ஏழுமலை சாரும் தன் பங்குக்குக் கடலை மிட்டாய் கொண்டுவந்து போட்டார். அலமாரிச் சாவிக்கு அதுவரை இல்லாத மரியாதை வந்துவிட்டது. ஏழுமலை சாரின் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் ஒரே பீரியடில் மூன்று தடவை பந்து எடுக்கப் போனான். மடக்கிக் கேட்டதற்கு வாய் நிறைய பிஸ்கட்டோடு உண்மையைச் சொன்னான்: "நாஸ்தா துன்னுட்டேன் மிஸ். ஆனா வாலிபாலுக்குப் பசிக்குது."

அப்பா கேட்ட கேள்வி

சங்கீதா தேறி வந்தாள். நிழல் இருக்கிற காலை நேரத்தில் மட்டும், சாப்பிட்டுவிட்டு, இரண்டே சுற்று என்று பழகினோம். குறுவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் நேரம் வந்தபோது, "அப்பா வேணாம்னுட்டாரு மிஸ்" என்றாள். காரணம் சொல்லவில்லை. எனக்குத் தெரியாதா என்ன? டவுசர் போட்டு ஓடுவதுதான் பிரச்சனையாக இருக்கும். என் சித்தப்பாவே எனக்கு அப்படித்தான் முட்டுக்கட்டை போட்டார். பெண்களும் விளையாட்டும் என்று பரீட்சைக்கு எழுதியதையெல்லாம் மனசுக்குள் திரட்டிக்கொண்டு சாயங்காலம் குப்பத்துக்குப் போனேன்.

அவள் அப்பா படகு ஓரமாக உட்கார்ந்து வலையில் சிக்கிய நண்டுகளை எடுத்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே ஆரம்பித்து விடாமல் பேசினேன். அவர் ஒரு நண்டை எடுப்பார், ஒரு தரம் என்னை நிமிர்ந்து பார்ப்பார், மறுபடியும் நண்டு. டவுசர் என்ற வார்த்தைக்கு வந்தபோது கையை நிறுத்தினார். "டவுசர் இன்னா டவுசர். நானே டவுசர்லதான் கீறேன்" என்றார். பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். போன வருடம் பக்கத்து வீட்டுப் பெண் இப்படி ஒரு போட்டிக்குப் போய், நாள் முழுக்க ஒதுங்க இடமில்லாமல் தண்ணியே குடிக்காமல் இருந்து, நீர்க்கடுப்பில் ஒரு வாரம் படுத்துவிட்டாளாம். எனக்கு அது புதுக் கதையே இல்லை. நானே எத்தனை மைதானத்தில் அப்படி இருந்திருக்கிறேன்? அதெல்லாம் சகஜம் என்று எப்போதோ பழகிப் போயிருந்தேன். அதனால்தான் எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் திருப்போரூர் தாண்டிப் போட்டி நடக்கிற பள்ளிக்கே போய்ப் பார்த்தேன். பெண்கள் கழிப்பறை பூட்டிக் கிடந்தது. வாட்ச்மேனைப் பிடித்து, அவர் கைகாட்டின ஆளைப் பிடித்து, போட்டி அன்று காலை ஏழு மணிக்குத் திறந்து வைப்பதாகவும், தொட்டியில் தண்ணீர் நிரப்புவதாகவும் வாக்கு வாங்கிக்கொண்டு நேராகக் குப்பத்துக்குத் திரும்பினேன். சங்கீதாவின் அப்பா கேட்டுவிட்டுத் தலையாட்டினார். அனுமதிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டும்போது சொன்னார்: "நேத்து முழுக்க அவ ஓட்றதப் பத்தியே பேசிக்கினு இருந்த. ஓடாத நேரத்துல அவ எங்க போவான்னுதாம்மா நாங் கேட்டேன்."

நாலாவது லேன்

போட்டி அன்று கழிப்பறை திறந்திருந்தது. தண்ணீரும் இருந்தது. அதுவரைக்கும் நான் ஜெயித்துவிட்டேன். இருநூறு மீட்டர் ஓட்டத்தில் சங்கீதாவுக்கு நாலாவது லேன். துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் கிளம்பினவள், வளைவு முடிவதற்குள் எல்லோரையும் விட்டுவிட்டு முன்னால் வந்துவிட்டாள். ஏழுமலை சார் அந்தக் கரகரத்த தொண்டையால் கத்திக்கொண்டிருந்தார். நான் கத்தவில்லை. எனக்கு மட்டும் தெரிந்துவிட்டது. அவள் லேனை விட்டு வளைவின் உள்பக்கம் இறங்கிக்கொண்டிருந்தாள். நாலிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து இரண்டு. முதல் ஆளாகத்தான் முடித்தாள். நடுவர் சிவப்புக் கொடியைத் தூக்கினார். தகுதி நீக்கம்.

யாரைக் குறை சொல்வது? எங்கள் பள்ளியில் இருந்தது ஒரே ஒரு உள்கோடு. அதை ஒட்டித்தான் அவளை அத்தனை நாளும் ஓடவிட்டேன். லேனை விட்டு இறங்கக் கூடாது என்று வாயால் சொன்னேனே தவிர, லேன் என்று ஒன்றை அவள் கண்ணால் பார்த்ததே அன்றைக்குத்தான். மரத்தடியில் உட்கார்ந்து அழுதது நான்தான், அவள் இல்லை. ஏழுமலை சார் ஒரு வார்த்தை குறை சொல்லாமல் எனக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார். அடுத்த வருடம் அவர் எங்கிருந்தோ மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பு கேட்டு வாங்கி நாலு லேன் போட்டார். சங்கீதா பத்தாவது படித்துக்கொண்டே மாவட்டம் வரைக்கும் போய் மூன்றாவதாக வந்தாள். அந்தப் போட்டோவை சார் எனக்கு அனுப்பினார். ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது அந்தத் தோற்ற நாள்தான். திரும்பி வருகிற பஸ்ஸில் என் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருந்தவள், நான் கேட்காமலேயே விளக்கம் சொன்னாள்: "எனக்கு முன்னாடி யாருமே இல்ல மிஸ். அவ்ளோ எடம் காலியா கீதேன்னு உள்ள பூந்துட்டேன்."

மைதானம் கேட்டேன்

படிப்பு முடிந்து மாமல்லபுரம் போகிற வழியில் ஒரு தனியார் பள்ளிக்கு இன்டர்வியூவுக்குப் போனேன். தாளாளர் தங்கமான மனுஷர், முதலில் மோர் கொடுத்தார். யோகா தெரியுமா? தெரியும். கராத்தே? கொஞ்சம். ஆண்டு விழாவுக்கு டான்ஸ்? கற்றுக்கொள்வேன் சார். காலையிலும் மாலையிலும் வேனில் பிள்ளைகளோடு போய் வர முடியுமா? முடியும். நூலகத்தையும் பார்த்துக்கொள்ள முடியுமா? அதற்கும் தலையாட்டினேன். எங்கள் வகுப்பில் படித்தவர்களில் இரண்டு பேர் ஜிம்மிலும், ஒருத்தி துணிக்கடையிலும், ஒருவன் முட்டுக்காட்டுப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் நீச்சல் குளம் பார்த்துக்கொள்கிற வேலையிலும் இருக்கிறார்கள். நமக்கென்று நாற்காலிகள் எத்தனை இருக்கின்றன என்பது உங்களுக்கும் தெரியும்.

எல்லாம் முடிந்து, உனக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். மைதானத்தை ஒருமுறை பார்க்கலாமா சார் என்றேன். அவர் சந்தோஷமாக எழுந்து ஜன்னல் திரையை விலக்கினார். கீழே ஆறு மஞ்சள் வேன்கள் வரிசையாக நின்றன, ஒரு டிரைவர் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் புரியவில்லை என்று தெரிந்துகொண்டு, தாளாளர் கைக்கடிகாரத்தைக் காட்டிப் பொறுமையாக விளக்கினார்: "ஒன்பது மணிக்கு வண்டியெல்லாம் வெளிய போச்சுன்னா அது கிரவுண்டும்மா. மூணரைக்கு உள்ள வந்துச்சுன்னா பார்க்கிங்."

வேலையில் சேர்ந்துவிட்டேன், பிள்ளைகளும் ஓடுகிறார்கள். ஆனால் ஓடக் கற்றுக் கொடுக்க வந்த நான் இதுவரைக்கும் அதிகமாகச் செய்திருப்பது, பீரியடுக்கும் சாவிக்கும் கையெழுத்துக்கும் யாராவது ஒருத்தர் முன்னால் போய் நிற்பதைத்தான்.